இருபது தகடுகள்

கசார்வாடி, புனே
10-1-2007

அன்பு மருமகள் கிரிஜாவுக்கு, துரைசாமி மாமா எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். டிசம்பரில் அக்காவைச் சென்னைக்கு அழைத்து வந்தபோது, ரயில் தௌண்ட் தாண்டுவதற்குள் சொல்லிவிட்டேன்: "பாருக்கா, அந்த டாக்டர் உன்னை மேலும் கீழும் பார்ப்பார், இந்த உடம்பு ஆபரேஷன் தாங்காது, ஆறு மாதம் கழித்து வா என்பார்." ஆறு மாதம் என்ற கணக்கைக்கூடச் சொன்னேன். எதிர் இருக்கையில் இருந்த சோலாப்பூர்க்காரர் சாட்சி. அவர் பெயர்தான் மறந்துவிட்டது.

ஆகவே, சென்ட்ரல் ஸ்டேஷனில் அத்தனை பேர் நடுவில் நீ என்னைப் பார்த்து, "அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொல்றது நீங்கதான் மாமா" என்று சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. என் அக்கா மங்கையர்க்கரசியை நான் கொல்வேனா? உன் அப்பா போனதிலிருந்து அவளுக்குச் சமைப்பது யார், மருந்து எடுத்துக் கொடுப்பது யார்?

உன்னைப் பெற்றபோது ஏற்றிய இரத்தத்தில் வந்த கிருமி, இருபத்தைந்து வருஷம் உள்ளேயே இருந்து அவள் கல்லீரலை உண்மையாகவே கல்லாக்கிவிட்டது. 2003இல் ஒருநாள் புத்தி கலங்கி, உன் பெயரையே மறந்துவிட்டாள். அப்போது பார்த்த டாக்டர், "பருப்பு, பால், தயிர் எல்லாவற்றையும் குறைத்துவிடுங்கள்" என்றார். அன்றைக்கே என் லேத் பட்டறையிலிருந்து சிவப்புப் பெயிண்ட் கொண்டுவந்து, ஆகாதவற்றின் பட்டியலை அடுக்களைக் கதவில் எழுதினேன். நான்கு வருஷமாக ஒரு துவரம்பருப்புகூட அந்தக் கதவைத் தாண்டவில்லை. இப்படிப் பத்தியம் காத்தவன் மகாராஷ்டிரத்திலேயே கிடையாது.

இதற்கு அத்தாட்சியும் இருக்கிறது. ஞாயிறுதோறும் வார்ப்பு இரும்பு நிறுக்கும் எங்கள் தராசில் அக்காவை நிறுத்துப் பார்க்கிறேன். இரண்டு வருஷமாக ஐம்பத்து நான்கு கிலோ. ஒரு கிராம் ஏறவில்லை, இறங்கவில்லை. இதைக் கொல்வது என்று சொல்வார்களா?

பதில் போடு.

துரைசாமி மாமா

*

சென்னை
19-1-2007

மாமாவுக்கு,

என் தமிழில் பிழை இருக்கும். புனேயில் பிறந்து வளர்ந்தவளுக்கு அம்மா சொல்லிக்கொடுத்த தமிழ் இவ்வளவுதான். ஆனாலும் இனி எழுதத்தான் போகிறேன். ஃபோனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் மூன்று கதை சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. எழுதியதைப் பிறகு மாற்றவும் முடியாது. மற்றவர்கள் செய்த சாஃப்ட்வேரில் தப்பு தேடுவதுதான் என் வேலை. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

ஐம்பத்து நான்கு கிலோ என்றீர்கள். டிசம்பரில் அம்மா வயிற்றிலிருந்து எட்டு லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள். எடுத்த பிறகு எடை என்ன தெரியுமா? நாற்பத்தாறு. இரண்டு வருஷமாக அம்மாவின் சதை போய்க்கொண்டே இருந்திருக்கிறது. போன இடத்தில் தண்ணீர் வந்து நின்றிருக்கிறது. உங்கள் தராசு பொய் சொல்லவில்லை. அதற்குச் சதையும் தண்ணீரும் ஒன்றுதான்.

அம்மாவின் கையைப் பார்த்தீர்களா? நான் வாங்கித் தந்த வளையல் முழங்கை வரை தானாகவே ஏறுகிறது. தொடை என் கை அளவு இருக்கிறது.

டாக்டர் கேட்டபோது, அம்மா தினமும் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறாள் என்று சொன்னீர்கள். அடுத்த நிமிஷம் அவர், "கையை மார்பில் கட்டிக்கொண்டு இந்த நாற்காலியிலிருந்து எழுந்து காட்டுங்கள்" என்றார். அம்மாவால் ஒருமுறைகூட முடியவில்லை. அந்த அறையில் எல்லோரும் உங்களைத்தான் பார்த்தோம்.

அவர் சொன்னதை மறுபடி எழுதுகிறேன். என் கல்லீரலில் ஒரு பங்கை அம்மாவுக்கு வைக்கலாம். நான் தயார். ஆனால் இந்த உடம்பில் வைத்தால் அம்மா படுக்கையிலிருந்து எழ மாட்டாள். ஜூலை ஐந்தாம் தேதி வர வேண்டும். அதே நாற்காலியிலிருந்து ஐந்து முறை, கை ஊன்றாமல் எழ வேண்டும். முடியவில்லை என்றால் ஆபரேஷன் கிடையாது.

புனேயில் டாக்டர் பெண்ட்சேயைப் பாருங்கள். கல்லீரலுக்கென்றே படித்தவர். அவரிடம் உணவு ஆலோசகர் பாத்திமா என்று ஒருவர் இருக்கிறார். அவர் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள்.

மார்ச்சுக்குள் மாற்றம் இல்லை என்றால் அம்மாவை இங்கே கூட்டி வந்துவிடுவேன். அம்மா வர மாட்டேன் என்றாலும் சரி.

கிரிஜா

*

கசார்வாடி
12-2-2007

அன்பு மருமகளுக்கு,

போனேன். பார்த்தேன். டாக்டர் பெண்ட்சே என்னோடு பத்து நிமிஷம் பேசிவிட்டு, "நீங்கள் மருத்துவம் படித்திருக்க வேண்டியவர்" என்றார். அந்தப் பெண் பாத்திமா சின்ன வயசு, ஆனால் பேச்சு ரம்பப்பல் மாதிரிக் கூர்மை. நான் வாயே திறக்கவில்லை. இரண்டு முறைதான் திறந்தேன்.

அவள் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். நல்ல கல்லீரல் என்பது சரக்கு அறை. பகலில் சாப்பிட்டதைச் சேர்த்துவைத்து ராத்திரி எடுத்துக் கொடுக்கும். அக்காவுக்கு அந்த அறையே இல்லை. மாலை ஆறரைக்கு இரண்டு கரண்டி கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தால், ராத்திரி உடம்புக்கு எரிக்க ஒன்றுமில்லை. அதனால் சதையை உருக்கி எரிக்கிறது. நீயும் நானும் மூன்று நாள் பட்டினி கிடந்தால் வரும் கேடு, அவளுக்கு ஒரே ராத்திரியில் வருகிறது. இதில் வெள்ளி விரதம், சஷ்டி விரதம், போதாததற்குப் பக்கத்து வீட்டுக்காரிகளோடு சேர்ந்து சங்கஷ்டி என்று சதுர்த்தி விரதம் வேறு. நானோ பருப்பையும் பூட்டிவைத்தேன்.

"பருப்பு கொடுத்தால் மறுபடி புத்தி கலங்காதா?" என்று கேட்டேன். "அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள், இப்போது சொல்வதில்லை. வயிறு தினம் இரண்டு மூன்று முறை கழிய டாக்டர் எழுதிய சர்க்கரைப்பாகு மருந்தைக் கொடுங்கள். பருப்பையும் தயிரையும் தாராளமாகக் கொடுங்கள். சதைதான் அவருக்கு இரண்டாவது கல்லீரல், விஷத்தை அதுவும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்" என்றாள். 

வீட்டுக்கு வந்து கதவு முழுக்க வெள்ளை அடித்தேன். சிவப்புப் பெயிண்ட் இரண்டு பூச்சுக்கும் அடங்கவில்லை, மூன்று பூச்சு ஆயிற்று.

அக்கா லேசில் மசிவாளா? "வெரதத்த விடச் சொல்லுதியோ? உன் அத்தான் போன அன்னைக்கு எடுத்த வெரதம்ல" என்றாள். தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். பத்து நாள் போராட்டம். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. "அக்கா, உன் விரதத்தையெல்லாம் எனக்குக் கொடு. வெள்ளி, சஷ்டி, சங்கஷ்டி எல்லாம் நான் இருக்கிறேன். பலன் உனக்கு, பட்டினி எனக்கு. முருகனுக்கு யார் வயிறு காய்ந்தால் என்ன?" என்றேன். அரைமணி நேரம் யோசித்தாள். "சத்தியமா இருப்பியால?" என்றாள். கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தேன். அன்று ராத்திரியே சாப்பிட்டாள். இதை ஒரு வக்கீலாலும் செய்திருக்க முடியாது.

இப்போது தினம் ஆறு வேளை. காலையில் பாசிப்பருப்பு அடை. பதினொரு மணிக்கு மட்கி என்கிற நரிப்பயறை முளைகட்டிச் சுண்டல் மாதிரி ஓர் உசள். படுக்கப் போகுமுன் பத்து மணிக்கு, இங்கத்திய தாளிபீட், நாலு மாவு கலந்து தட்டிக் கெட்டித் தயிரோடு. எதிலும் உப்பு அதிகம் கூடாது என்பதால் ருசி என்று ஒன்றும் இல்லை. ஆனால் சாப்பிடுகிறாள்.

அடுத்து நாற்காலி. இதில் என் தொழில் பேசுகிறது. மூன்றரை அடி மனுஷிக்குத் திடீரென்று தாழ்வான நாற்காலியிலிருந்து எழு என்றால் எப்படி எழுவாள்? உயரமான இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் இரும்புத் தகடு வெட்டி, நடுவில் துளை போட்டு, கம்பியில் கோத்து, நாற்காலியின் ஒவ்வொரு காலுக்கும் கீழே இருபது வைத்திருக்கிறேன். ஆட்டினாலும் ஆடாது. ஞாயிறுதோறும் ஒவ்வொரு காலிலிருந்தும் ஒரு தகடு எடுப்பேன். ஆறு மில்லிமீட்டர் குறைவது அவள் முழங்காலுக்குத் தெரியவே கூடாது. இருபது வாரத்தில் நாற்காலி தரைக்கு வந்துவிடும். ஜூலை ஒன்று. எண்ணிப் பார்த்துக்கொள்.

"ஏலே, என்ன இது, தேரு மாதிரி ஏத்தி வச்சிருக்க" என்றாள். ஏறி உட்கார்ந்தாள். எழுந்தாள். இருபது தகட்டு உயரத்தில், கை ஊன்றாமல், இரண்டு முறை.

குளியலறையிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி ஒன்று பிடிக்க வசதியாகப் போட்டு, உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் பெரிய ஹோட்டலில் அப்படித்தானாம்.

துரைசாமி மாமா

*

சென்னை
21-2-2007

மாமாவுக்கு,

அம்மா மூன்றரை அடி இல்லை. நாலு அடி பதினொன்று. மற்றதையும் இப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

தகடு யோசனை நன்றாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு மனசில்லை, ஆனாலும் சொல்கிறேன். டாக்டர் பெண்ட்சேயிடம் ஃபோனில் கேட்டேன். மூச்சைப் பிடித்து முக்கக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது, எழுந்து உட்காருவது மிக நல்லது என்றார். நீங்கள் மருத்துவம் படித்திருக்க வேண்டும் என்று சொன்னதாக அவருக்கு நினைவில்லை.

விரதக் கதையை அம்மாவிடம் கேட்டேன். "மாமா உனக்காகப் பட்டினி கிடக்கிறாராமே" என்றேன். அம்மா சிரித்தாள், ரொம்ப நேரம். அம்மா அப்படிச் சிரித்து நாளாயிற்று, அதனால் நானும் மேலே கேட்கவில்லை.

குளியலறைத் தாழ்ப்பாளை ஏன் எடுத்தீர்கள்? ஹோட்டல் கதை வேண்டாம்.

எனக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. என்னுடையது பொருந்துகிறது. உங்கள் மாப்பிள்ளை சபரி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "ஆஸ்பத்திரிக்கு நான் எத்தனை நாள் லீவ் போடணும்" என்று கேட்டார்.

இனி எடை எழுத வேண்டாம். மேல்கையின் சுற்றளவு எழுதுங்கள். கை ஊன்றாமல் எத்தனை முறை எழுகிறாள் என்று எழுதுங்கள். அலங்காரம் இல்லாமல்.

கிரிஜா

*

கசார்வாடி
1-4-2007

அன்பு மருமகளுக்கு,

மேல்கை: பிப்ரவரியில் பதினெட்டு சென்டிமீட்டர், இன்று பதினெட்டு புள்ளி ஏழு. நூல் சுற்றி, நூலை ஸ்டீல் ஸ்கேலில் வைத்துப் பார்த்தது. மூன்று முறை பார்த்தேன். நான் வாய்க்கு வந்ததைப் பேசுவேன், ஆனால் அளவில் பொய் சொல்ல மாட்டேன். முப்பத்து மூன்று வருஷமாக லேத்தில் நிற்கிறவன். 1989இல் ஒரு ஜெர்மன் இன்ஜினியர் நான் கடைந்த இரும்புத் தண்டைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

தகடு பதின்மூன்று பாக்கி. எழுவது நான்கு முறை. நாலாவது முறை கால் நடுங்குகிறது.

தினம் மாலை நடக்கவும் வைக்கிறேன். ரோட்டில் முடியாது, ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிக் கார்கள் இப்போது இந்தப் பக்கமும் புகுந்துவிடுகின்றன. பட்டறைக்குள்ளேயே நடக்கிறாள், லேத்துக்கும் ட்ரில்லிங் மெஷினுக்கும் நடுவில் இருபத்திரண்டு தப்படி. ஞானேஷ்வர் என்று என்னிடம் வேலை செய்கிற ஆள், வயசு ஐம்பது, அத்தை முறை வைத்து, "ஆத்யா, இன்று எத்தனை ரவுண்டு" என்று கேட்பான். அக்கா மராத்தியில் அவனைத் திட்டுவாள். திட்டிக்கொண்டே நடந்தால் இரண்டு ரவுண்டு கூடுதலாகப் போகிறது, ஆகவே அவனைத் தினம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டம்மா ஜாடையாக, "லிவர் என்றால் குடிக்கிறவர்களுக்குத்தானே வரும்" என்றாள். அக்கா தாளிபீட்டை மென்றுகொண்டே, "ஆமா, நா ராத்திரி பத்து மணிக்கு ஒரு கிண்ணம் அடிக்கேன், தயிரு" என்றாள். அந்தம்மாவுக்கு எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் நான் விழித்தேன்.

என் விரதமும் நடக்கிறது. வெள்ளிக்கிழமை லேத் முன்னால் நின்றால் கண் இருட்டுகிறது. இடுப்பு பெல்ட்டில் இரண்டு துளை உள்ளே போய்விட்டது. அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

துரைசாமி மாமா

*

கசார்வாடி
22-4-2007

கிரிஜாவுக்கு,

ஃபோனில் உன்னிடம் அழுதேன் என்று நீ நினைத்திருந்தால், அது ஜலதோஷம்.

நடந்ததை எழுதுகிறேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அக்காவுக்கு வயிறு கழியவில்லை. சர்க்கரை மருந்து பாட்டில் தீர்ந்திருந்தது. புதன்கிழமை வாங்கலாம் என்று விட்டது என் தப்பு. செவ்வாய் மாலை என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க யாரு, எந்தூரு" என்று மரியாதையாகக் கேட்டாள். நான் பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் மரியாதையாகப் பேசியதே இல்லை. அதில்தான் எனக்குப் பயம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். மருந்து கொடுத்து வயிறு கழிந்ததும் தெளிந்துவிட்டாள். கண்ணைத் திறந்து, "ஏலே, தலய சீவிட்டு வரப்படாதா" என்றாள்.

இரண்டாம் நாள் வார்டு டாக்டர் ஒருவர், "பருப்பை நிறுத்திவிடுங்கள்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்களும் அதையே சொன்னார்கள். நான் ராத்திரி வீட்டுக்கு வந்து, அந்த வெள்ளைக் கதவின் முன் நின்றேன். கையில் பெயிண்ட் டப்பா இருந்தது. இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. எழுதவில்லை. மறுநாள் காலை பாத்திமாவைத் தேடிப் போனேன். "மருந்தை விட்டதால் வந்தது, பருப்பால் இல்லை. இப்போது நிறுத்தினீர்கள் என்றால் மூன்று மாத உழைப்பு மூன்று வாரத்தில் போய்விடும்" என்றாள். டாக்டர் பெண்ட்சேயும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டை அக்கா கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினேன்.

மூன்று நாள் படுத்ததில் கால் தளர்ந்துவிட்டது. பதினொரு தகட்டில் எழ முடியவில்லை. இன்று மூன்று தகடு திரும்ப வைத்தேன், பதினான்கு. வைக்கும்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சிரிப்பாகச் சொல்ல நினைத்தேன், வரவில்லை. அவள்தான் சொன்னாள்: "வச்சா எடுக்கணும்லா. எடுத்துருவோம்."

இனி ஜூலை ஒன்றில் நாலு தகடு பாக்கி இருக்கும். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியட்டும்.

மருந்து பாட்டில் இப்போது ஐந்து இருக்கிறது.

மாமா

*

சென்னை
30-4-2007

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தப்பு தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

அம்மாவை உடனே இங்கே கூட்டி வருவதற்கு டிக்கெட் போட்டிருந்தேன். ரத்து செய்துவிட்டேன். பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தீர்களே, அதற்காக.

ஒரு வாரத்தில் இரண்டு தகடு எடுத்துப் பார்க்கலாமா என்று நினைக்க வேண்டாம். அவசரப்பட்டால் விழுவாள். நாலு தகடு என்றால் இரண்டரை சென்டிமீட்டர் இருக்குமா? அதை அம்மா பார்த்துக்கொள்வாள்.

டாக்டர் ஒருவர் வார்டில் சொன்னார் என்றால் நாளைக்கு இன்னொருவரும் சொல்வார். சீட்டை லாமினேட் செய்துவிடுங்கள்.

கிரிஜா

*

கசார்வாடி
24-6-2007

அன்பு மருமகளுக்கு,

மேல்கை இருபது சென்டிமீட்டர். இன்று ஒரு தகடு எடுத்தேன், ஐந்து பாக்கி. ஐந்து தகட்டு உயரத்தில் ஐந்து முறை எழுந்தாள். ஐந்தாவதில் மூச்சு வாங்கியது, ஆனால் கை மார்பிலிருந்து இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு நான்கு. அதற்குக் கீழே அவள் இதுவரை எழுந்ததில்லை. அங்கே ஆஸ்பத்திரி நாற்காலிக்குத் தகடு கிடையாது.

நேற்று டாக்டர் பெண்ட்சே தண்ணீர் எடுத்தார். ஜனவரிக்குப் பிறகு இது மூன்றாவது முறைதான். எடுத்த பிறகு எடை நாற்பத்து ஒன்பது. இது வெறும் அக்கா, தண்ணீர் இல்லை.

நீயே இரண்டாம் தேதி வந்து அழைத்துப் போவதாகவும், நான் வர வேண்டாம் என்றும் அக்காவிடம் சொன்னாயாம். காரணமும் சொன்னாயாம், நான் டாக்டரிடம் கதை விடுவேன் என்று. எனக்கு வருத்தம் இல்லை. பட்டறையில் அவசர ஆர்டர் இருக்கிறது, நானே வர முடியாது என்று சொல்லத்தான் இருந்தேன். அப்படி ஒன்றும் பெரிய ஆர்டர் இல்லை. சரி, விடு.

ரயிலில் ராத்திரிக்குத் தாளிபீட் கட்டித் தருகிறேன். பத்து மணிக்கு எழுப்பிக் கொடு. தூங்குகிறாளே என்று இரக்கப்படாதே.

துரைசாமி மாமா

*

சென்னை
7-7-2007

மாமாவுக்கு,

வியாழக்கிழமை காலை பதினொன்றேகால் மணி. அதே அறை, அதே நாற்காலி. அம்மா உட்கார்ந்ததும், கீழே குனிந்து நாற்காலிக் காலைப் பார்த்தாள். டாக்டர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றாள்.

கையை மார்பில் கட்டினாள். முதல் முறை, பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.  அம்மா அவரிடம், "இத எண்ணாதீங்க, இப்பத்தான் உயரம் பாத்தேன்" என்றாள். பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள். எழுந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதில் கால் நடுங்கியது. ஐந்தாவதில் நடுவழியில் நின்றுவிட்டாள், மேலேயும் இல்லை கீழேயும் இல்லை. நான் கை நீட்டினேன். "தொடாத" என்றாள். எழுந்துவிட்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கிறவர் இல்லை. "இப்போது இந்த உடம்பில் ஆபரேஷன் செய்யலாம்" என்றார். ஆகஸ்ட் பதினாறு. எனக்கும் அம்மாவுக்கும் ஒரே நாள்.

இப்போது ஒரு கேள்வி. மயக்க மருந்து டாக்டர் ஒரு படிவம் கொடுத்தார். அதில், "கடந்த ஒரு வருடத்தில் கீழே விழுந்ததுண்டா? எப்போது, எத்தனை முறை?" என்று இருக்கிறது. எலும்பும் பார்க்க வேண்டுமாம், சரியாக எழுத வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். அம்மாவைக் கேட்டேன். "உன் மாமாகிட்டக் கேளு, அவந்தான் எல்லாத்தையும் எழுதுதானே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உண்மையை எழுதுங்கள் மாமா. இதற்கு மட்டுமாவது.

கிரிஜா

*

கசார்வாடி
12-7-2007

கிரிஜாவுக்கு,

படிவத்தில் இப்படி எழுது: ஒரு முறை. 2007 பிப்ரவரி இரண்டு, வெள்ளிக்கிழமை.

காலை பத்தரைக்குக் குளிக்கப் போயிருக்கிறாள். முக்காலியிலிருந்து எழும்போது கால் தாங்கவில்லை, சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலையில் அடி இல்லை. இடது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய், பத்து நாளில் ஆறிவிட்டது. எக்ஸ்ரே எடுக்கவில்லை. டாக்டரிடம் சொல்லி இப்போது எடுக்கச் சொல். நான் டாக்டர் பெண்ட்சேயிடமும் சொல்லவில்லை. அவரிடம் இன்று போய்ச் சொல்லிவிட்டேன், என்னை நன்றாகத் திட்டினார்.

நான் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வந்தேன். கூப்பிட்டால் பதில் இல்லை. உள்ளே தாழ்ப்பாள். கம்பி வைத்து நெம்பிக் கதவைத் திறந்தேன். ஈரத் தரையில், ஈரப் புடவையோடு, சுவரில் சாய்ந்து இருந்தாள். இரண்டரை மணி நேரம். தூக்கப் போனேன். "தொடாதல" என்றாள். அவள் அழுதிருந்தாள், அது எனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தாள்.

அவள் பேசியதை ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதுகிறேன். "ரெண்டு மணி நேரமா எந்திக்கப் பாக்கேன் துரை. கையிலயும் இல்ல, கால்லயும் இல்ல. எம்புள்ள தன் ஈரல அறுத்துத் தாரேங்கா. நா வெரதம் கெடந்து அத வாங்க முடியாமப் போயிருவேன் போல. நா வாங்காமப் போவ மாட்டேன். பருப்ப வேவ வை. நெறைய வை."

பிறகு வாளியைக் கவிழ்த்துப் போடச் சொன்னாள். அதைப் பிடித்து முட்டி போட்டு, அதன் மேல் ஏறி உட்கார்ந்து, என் தோளைப் பிடித்து, தானே எழுந்தாள். கால்மணி நேரம் ஆனது. உயரத்தில் இருந்து எழுவது சுலபம் என்பதை நான் அந்த வாளியில்தான் பார்த்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. துணி மாற்றிக்கொண்டு வந்து அடுக்களையில் உட்கார்ந்தாள். உப்பு இல்லாத பாசிப்பருப்பு, இரண்டு கிண்ணம். நான் எதிரில் நின்றேன். "என்ன பாக்க, இன்னும் கொஞ்சம் போடு" என்றாள்.

உன்னிடம் சொன்னால் அடுத்த ரயிலில் வந்து அவளைக் கூட்டிப் போய்விடுவாய் என்று பயந்தேன். அவளும் சொல்லாதே என்றாள். அது ஒரு காரணம். இன்னொன்று, அவளாகவே தீர்மானித்தாள் என்று எழுதினால், நான்கு வருஷம் பருப்பைப் பூட்டிவைத்தவன் என்ற பேர் மட்டும்தான் எனக்கு மிஞ்சும் என்று தோன்றியது.

கற்பூரமும் இல்லை, சத்தியமும் இல்லை. விரதத்தை எனக்குக் கொடு என்று நான் கேட்கவும் இல்லை, ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் பட்டினி கிடக்கவும் இல்லை. அது நான் கட்டிய கதை.

துரைசாமி